கொடிக்கு ஊற்றிய தண்ணீர்

பதினொரு நாள் இருந்தது. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை என் அண்ணி கலையை அழைத்துப்போக அவளுடைய அண்ணன் பாண்டியன் அவர்கள் ஊரான கூரத்திலிருந்து வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அண்ணிக்கு அப்போதுதான் நாலாம் மாதம். பிரசவத்துக்கு அழைத்துப்போகும் காலம் இல்லை. போனால் திரும்பி வர மாட்டாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எல்லாம் ஒரு வெற்றிலைக் கொடியால் வந்தது.

கல்யாணமாகி வரும்போது அண்ணி அதை ஒரு மண்தொட்டியில் கொண்டுவந்தாள். அவளுடைய அம்மா பதியம் போட்டுக் கொடுத்தது. ஆறு மாதத்தில் அந்த அம்மா இறந்துபோனார். கூரத்தில் வீட்டை இடித்துக் கட்டியபோது தாய்க்கொடியும் மண்ணோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது எங்கள் வீட்டு நடையில் ஜன்னல் கம்பியைப் பற்றி ஏறியிருந்த இது ஒன்றுதான். தறி ஓடும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் அந்த நடை. நேர்வெயில் கிடையாது. பகலெல்லாம் ஒரு மங்கிய வெளிச்சம் இருக்கும். வெற்றிலைக்கு அது பிடித்திருந்தது. இரண்டு மாதமாக முன்பைவிட வேகமாக வளர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருந்தது.

புதன்கிழமை விடியலில் என் அம்மா கமலவேணி அந்தத் தொட்டியில் சோடாத் தண்ணீரை ஊற்றினாள்.

சோடாத் தண்ணீர் என்றால் குடிக்கிற சோடா இல்லை. என் அண்ணன் உதயகுமார் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். சாயம் போடுவதற்கு முன்னால் பட்டு நூலின் மேலிருக்கும் பசையை எடுக்க வேண்டும். சோப்பும் சலவை சோடாவும் போட்டு நூலைக் கொதிக்க வைப்பான். அந்தத் தண்ணீர் கொல்லையில் சிவப்பு பக்கெட்டில் இருக்கும். பக்கத்தில் பச்சை பக்கெட்டில், தறியில் நீளவாட்டில் ஏற்றும் பாவு நூலுக்குப் போட்டது போக மீந்த அரிசிக் கஞ்சியைத் தண்ணீர் விட்டு வைத்திருப்போம். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அளவு. இரண்டிலும் இருப்பது கலங்கலான வெள்ளைத் தண்ணீர். சோப்பு வாடை எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஊறிக் கிடப்பதால் மூக்கு அதைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. அதனால்தான் நிறம். சிவப்பைத் தொடாதே என்பது நான் நடக்கப் பழகிய காலத்திலேயே சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம்.

அண்ணி சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறாள். முதல் மக்கைக் கவனிக்கவில்லை. மூன்றாவது மக் விழுந்தபோது மண்ணில் நுரை பொங்குவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். நான் எழுந்து வந்தபோது அம்மா கையில் மக்கோடு நின்றிருந்தாள். காலடியில் சிவப்பு பக்கெட்.

அண்ணன்தான் முதலில் கேட்டான், பக்கெட்டை மாற்றி எடுத்துவிட்டாயா என்று. அது ஒரு கதவு. அம்மா ஆமாம் என்று சொல்லி அதன் வழியாக வெளியே வந்திருக்கலாம்.

"முப்பது வருஷமா தறியில உக்காந்துக்கினு இருக்கறவளுக்கு பக்கெட்டு தெரியாதா?" என்றாள் அம்மா.

"அப்போ தெரிஞ்சேதான் ஊத்துனீங்களா, அத்தை?"

அம்மா தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஊத்திட்டேன். இப்ப இன்னா அதுக்கு?"

அண்ணி அழவில்லை. உள்ளே போய்ப் பாண்டியனுக்குப் போன் செய்தாள். அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். உடனே வர முடியாது, இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றார்.

அன்று பகலில் அண்ணி தன் மனதில் இருந்ததையெல்லாம் அண்ணனிடம் சொன்னாள். நடுவில் ஒரு பலகைக் கதவுதான். எனக்கும் கேட்டது. மூன்று மாதமாக அத்தை தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றைத் தன்னைக் கழுவக்கூட விடுவதில்லை. பிள்ளை உண்டான செய்தி சொன்ன அன்று தெருவில் போகிறவர்கள்கூட கன்னத்தைத் தொட்டுப் பேசினார்கள், அத்தை எட்ட நின்று தலையை ஆட்டினார்கள். தறி இருக்கும் கூடத்துக்குள் கால் வைத்தாலே, கிட்ட வராதே, நூலு அறுந்துடும் என்கிறார்கள். தறி இல்லாத வீட்டிலிருந்து வந்தவள் என்றால் நூலைப் பார்வையாலா அறுத்துவிடுவாள்? கடைசியில் தன் அம்மா கொடுத்த கொடியிலும் கை வைத்துவிட்டார்கள்.

எல்லாம் உண்மை. நாங்களும் பார்த்தவைதான். அம்மா ஏதோ விரதம் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம். கேட்டால் எரிந்து விழுவாள், அதனால் கேட்கவில்லை.

பிறகு அண்ணியின் குரல் தணிந்து வந்தது.

"அந்தக் கொடி பொழைச்சா எங்க அண்ணனைத் திருப்பி அனுப்பிடுறேங்க. செத்துப்போச்சுன்னா என்னைக் கூப்புடாதீங்க."

அண்ணன் வெளியே வந்து என்னைப் பார்த்தான். "அகிலா, நீ பாட்டனி படிச்சவதானே. அதைப் பொழைக்க வை."

பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை எதுவும் அமையாமல் அம்மாவின் தறிக்குத் தார், அதாவது ஊடு நூல் சுற்றிய சிறு குழல், சுற்றிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் என் படிப்பை யாராவது நம்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை. தொட்டியைச் சாய்த்து, தேங்கி நின்ற தண்ணீரை வடித்தேன்.

கல்லூரி லேபிலிருந்து கொண்டுவந்த லிட்மஸ் தாள் கொஞ்சம் என்னிடம் இருந்தது. வடிந்த தண்ணீரில் சிவப்புத் தாளைத் தொட்டதும் நீலமாயிற்று. அண்ணன் எட்டிப் பார்த்தான். சாயத்துக்கு வைத்திருக்கும் அசிட்டிக் ஆசிட்டில் இரண்டு மூடி ஊற்றினால் சரிக்குச் சரி ஆகிவிடுமே என்றான். சாயத் தொட்டியில் அது சரி. மண்ணில் சோடாவும் ஆசிட்டும் சேர்ந்தால் இன்னொரு உப்புதான் மிஞ்சும், வேர் மறுபடி கருகும் என்றேன். செய்யக்கூடியது ஒன்றுதான். நல்ல தண்ணீரை விட்டு விட்டு வடிப்பது. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அண்ணன் கேன் தண்ணீர் எடுத்துவந்து போட்டான். ஊற்றினேன், வடித்தேன், தாளைத் தொட்டுப் பார்த்தேன். மாலையில்தான் தாள் சிவப்பாகவே நின்றது.

"மனுஷனுக்கு கேன் தண்ணி கெடையாது, கொடிக்கு கேன் தண்ணி" என்று சொல்லிவிட்டு அண்ணன் சிரிக்கப் பார்த்தான். அவனாலேயே முடியவில்லை.

மண் சரியாகிவிட்டது, வேர் சரியாகவில்லை. மறுநாள் அடி இலைகள் வெந்நீரில் தோய்த்ததுபோல் துவண்டு கறுத்தன. அதற்கு மறுநாள் நடு இலைகளும் போயின. தொட்டியைக் கவிழ்த்துக் கொடியை வெளியே எடுத்தேன். வேர்கள் பழுப்பாகி, விரலால் பிடித்தால் தோல் தனியாகக் கழன்று வந்தது. தண்டைக் கீழிருந்து மேலாக நகத்தால் கீறிக்கொண்டே போனேன். மேலே ஒரு முழம் மட்டும் உள்ளே பச்சையாக இருந்தது.

பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, அந்த ஒரு முழத்தை இரண்டிரண்டு கணு இருக்கும்படி மூன்று துண்டாக வெட்டினேன். அண்ணி நடைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணுதானா?" என்றாள்.

"மூணுதான் தேறுச்சு, அண்ணி."

தண்ணீர் பாட்டில்களை அறுத்து, அடிப்பாதியில் கழுவிய ஆற்றுமணலும் தேங்காய் நாரும் நிரப்பி, துண்டுகளை நட்டேன். ஈரம் போகாமல் இருக்க மேல்பாதியைக் கவிழ்த்து மூடினேன். வேரில்லாத துண்டுக்கு இலைதான் எதிரி. தண்ணீரைக் குடிக்க வழியில்லாதபோது இலை அதைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். பெரிய இலைகளையும் பாதியாகக் கத்தரித்தேன். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணி உள்ளே போய்விட்டாள்.

பழைய தொட்டியைக் கழுவும்போதுதான் அதைக் கவனித்தேன். உள்விளிம்பில், மண்ணுக்கு மேலே, மெல்லிய வெள்ளைச் செதில் ஒட்டியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கு. சோடா இப்படி அடுக்காகக் காயாது. ஒரு செதிலை நல்ல தண்ணீரில் அலசி ஒரு தட்டில் வைத்து, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறியது.

மாவுச்சத்து. அதாவது கஞ்சி.

யாரோ இந்தக் கொடிக்குப் பல நாளாகக் கஞ்சித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நான் ஊற்றவில்லை. அண்ணியைக் கேட்டேன். அவளுக்கு அந்தப் பழக்கமே இல்லை, பச்சைத் தண்ணீர்தான் விடுவாள். அண்ணன் கொடி பக்கமே வருவதில்லை.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்தேன். அம்மா தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். தாரைச் சுமக்கும் நாடா பாவுக்குள் இடமும் வலமும் ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை கொல்லையில் பச்சை பக்கெட் நிறையக் கஞ்சி தொடப்படாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. சாயந்திரம் அது புளித்து ஏடு கட்டியபோது அம்மாதான் எடுத்துக் கொட்டினாள். அப்போது அவள் அந்தப் பக்கெட்டுக்கு முன்னால் வெகுநேரம் குனிந்து நின்றாள்.

ஊற்றியவள் கெடுப்பதற்காக ஊற்றவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவளே தெரிந்துதான் ஊற்றினேன் என்கிறாளே. அது எனக்கு விளங்கவில்லை.

ஐந்தாம் நாள் முதல் பாட்டில் துண்டு அடியில் கறுத்துக் குழைந்தது. எடுத்து எறிந்தேன். அண்ணி தன் புடவைகளை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுதான் வைத்தாள். பை நிறைவதை நானும் அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எதிர்வீட்டு லோகாம்பாள் உப்பு கேட்கிற சாக்கில் வந்து பாட்டில்களைப் பார்த்துவிட்டுப் போனாள். வெற்றிலைக் கொடி இருந்து பட்டுப்போனால் வீட்டுக்கு ஆகாது என்று வாசலில் நின்று சொன்னாள். பிறகு கூடத்துக்குள் தலையை நீட்டினாள்.

"இன்னா கமலவேணி, எலும்பும் தோலுமா ஆயிட்டே. மருமவ சமையல் ஒத்துக்கலையா?"

சமையலறையில் கரண்டி சத்தம் நின்றது. தறி மட்டும் வேகமாக ஓடியது.

அந்தச் சொல் என்னோடு தங்கிவிட்டது. அம்மா உண்மையிலேயே இளைத்துத்தான் போயிருந்தாள். தினமும் பார்ப்பதால் எங்களுக்குத் தெரியவில்லை. மாதாமாதம் கிருத்திகைக்குக் குமரக்கோட்டம் போய்விட்டு வருகிறவள், போன தடவை நெற்றியில் விபூதி இல்லாமல் வந்தாள். இந்த முறை கரையை வேறு நிறத்தில் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலை வேண்டாம், கட்டம் போட்டதே போதும் என்று பாவு வாங்கி வந்திருந்தாள். கோர்வைக்குக் கூலி அதிகம், ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். எப்போதும் நான்தான் உட்காருவேன். அண்ணியைப் போல நானும் அம்மாவின் பக்கத்தில் இல்லாமல் போனதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

கட்டம் அரக்கும் பச்சையும். இரண்டு நாடா மாறி மாறிப் போக வேண்டும். அரக்குத் தாரைத் தகர டப்பாவிலும் பச்சைத் தாரைப் பிளாஸ்டிக் டப்பாவிலும்தான் போட வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஒரு நாடாவின் நுனியில் கிழிசல் துணியை முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஒழுங்குக்காகச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஏழாம் நாள், என் கவனமெல்லாம் பாட்டில்களில் இருந்ததால், தார்களை டப்பா மாற்றிப் போட்டுவிட்டேன். அது எனக்கே தெரியாது. காபி கொண்டுபோனபோது துணியைப் பார்த்தேன். அரக்கு வர வேண்டிய இடத்தில் பச்சை. பச்சை வர வேண்டிய இடத்தில் அரக்கு. ஒரு சாண் நீளத்துக்கு நெய்திருந்தாள். இன்னும் நெய்துகொண்டிருந்தாள்.

"அம்மா, கட்டம் மாறிப்போச்சு" என்றேன்.

அவள் துணியைப் பார்க்கவில்லை. டப்பாக்களைப் பார்த்தாள். "நீதான் மாத்திப் போட்டிருப்பே. உன் நெனப்பு எங்க இருக்குது?"

பிறகு மடியில் துணியை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நூல் நூலாகப் பிரிக்க ஆரம்பித்தாள். எங்கிருந்து தவறு தொடங்கியது என்று அவள் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டினேன்.

அன்று குளியலறையைக் கழுவும்போது தரை மூலையில் ஓர் ஆரஞ்சுக் கறை இருந்தது. முன்பும் பார்த்திருக்கிறேன். சாயக்காரன் வீட்டில் எந்த மூலையில் எந்த நிறம் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன். இந்த மூன்று மாதத்தில் அண்ணன் அரக்கு போட்டான், பச்சை போட்டான், மயில் கழுத்து நீலம் போட்டான். ஆரஞ்சு போடவே இல்லை.

சிறுநீரை ஆரஞ்சாக்கும் ஒரு மருந்து உண்டு. சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாமல் செய்யும் இன்னொரு மருந்தும் உண்டு. மைக்ரோபயாலஜி புத்தகத்தில் இரண்டையும் ஒரே பக்கத்தில் படித்திருந்தேன். இரண்டும் ஒரே நோய்க்குச் சேர்த்துக் கொடுப்பவை. அந்த நோயின் பெயரை மனதுக்குள் சொல்லவும் எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்தின் கீழே இருந்த வரியும் நினைவிருந்தது. நிறம் குழம்புகிறது என்றால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும், சீக்கிரம் மருந்தை மாற்றினால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும், தள்ளிப்போட்டால் திரும்பாமலும் போகலாம்.

சாயந்திரம் தறி நின்றதும் அம்மாவிடம் போனேன். பேச வேண்டியதை வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் போய் ஒன்றுதான் வந்தது.

"கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை போலாமா, அம்மா?"

"யாருக்கு?"

"உனக்கு."

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அடுத்த மாசம் உன்னைப் பொண்ணு பாக்க வரதா சொல்லி இருக்காங்க. அந்த நேரத்துல டாக்டர் வீட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையை வாயில் அழுத்தி, மெல்ல இருமினாள். தறி ஓடும்போது அந்த இருமல் யாருக்கும் கேட்காது.

அண்ணனிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை கொல்லைக்குப் போனேன். அவன் சாயத் தொட்டியின் முன்னால் நின்று நூலைப் புரட்டிக்கொண்டிருந்தான். இரண்டு முறையும் திரும்பி வந்தேன். நான் நினைப்பது தவறாக இருந்தால் அம்மாவைப் பற்றி அப்படி ஒரு பெயரைச் சொன்ன மகள் ஆவேன். சரியாக இருந்தால், அம்மா இத்தனை பாடுபட்டு மறைத்ததை நான் கொல்லையில் போட்டு உடைத்தவள் ஆவேன். துளிர் வந்துவிட்டால் அண்ணி இருந்துவிடுவாள், அதன் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டேன். அதற்குப் பிறகு நாளில் பத்து முறை பாட்டிலைப் பார்த்தேன்.

எட்டாம் நாள் இரண்டாவது துண்டும் போயிற்று. மிஞ்சிய ஒன்றை யாரும் தொடக் கூடாது என்றேன். மூடியைத் திறக்காமல், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். தண்டு விறைப்பாக இருந்தது. இலை உதிர்ந்துவிட்டது. கணு மட்டும் கொஞ்சம் புடைத்திருந்தது. அது உயிரா, அழுகலுக்கு முந்தைய வீக்கமா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. சனிக்கிழமை அண்ணி தன் சீப்பையும் கண்ணாடியையும் பைக்குள் போட்டாள். பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் நடைவரை கேட்டது.

ஞாயிறு காலை பாட்டிலை எடுத்தபோது கணுவின் இடுக்கில் ஒரு முனை தெரிந்தது. கேழ்வரகு அளவுதான். பச்சையாக, கூராக. பாட்டிலின் அடியில் மணலை ஒட்டி, தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளை வேர்.

பாண்டியன் அதற்குள் வந்துவிட்டிருந்தார். உட்காரவில்லை, காபி வேண்டாம் என்றார். வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வாசலோடு நின்றார். பாட்டிலை அண்ணியிடம் கொடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாள்.

"பொழைச்சிடுச்சு" என்றாள்.

அண்ணன் மூச்சு விட்டான். "அப்போ மச்சானை அனுப்பிடலாமா?"

அண்ணி தலையை ஆட்டினாள், இல்லை என்று. "கொடி பொழைச்சிடுச்சுங்க. நான் இங்க பொழைக்கணும் இல்ல? இன்னிக்கு கொடிக்கு ஊத்துனாங்க. ஏன் ஊத்துனேன்னு ஒரு வார்த்தை கெடையாது. நாளைக்கு எனக்கு ஒரு புள்ள பொறந்து இந்த வீட்டுல தவழ்ந்துச்சுன்னா, நான் எதை நம்பி கண்ணை மூடுறது?" பாட்டிலை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "இது எங்க அம்மா குடுத்தது. நான் எடுத்துக்கினு போறேன்."

துளிருக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். துளிர் வந்ததும் அதையும் எடுத்துக்கொண்டு போகிறாள்.

அவள் கூடத்து வாசல்வரை வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமையிலும் அம்மா தறியில் இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி படியிறங்கும்போது மாமியார் தன் கையால் குங்குமம் வைத்து அனுப்ப வேண்டும். அண்ணி அதற்காகத்தான் நின்றாள் என்று நினைக்கிறேன். போகிறவளுக்கும் அது வேண்டியிருந்தது.

அம்மா எழுந்திருக்கவில்லை. "சாமி மாடத்துல குங்குமம் இருக்குது. நீயே எடுத்து வச்சிக்கினு போம்மா" என்றாள்.

பாண்டியன் வாசலிலிருந்து சிரித்தார். "கையால வச்சா வளையல் தேஞ்சிடும் போல. வா கலை, போலாம்."

நான் கொல்லைக்குப் போனேன். இரண்டு பக்கெட்டையும் கவிழ்த்துக் காலி செய்து, கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தேன். கூடத்து வாசலில், அம்மாவுக்கு நேராக, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று தரையில் உராய்ந்து சத்தம் போட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்ப்பது எனக்கு ஆகாது.

"அம்மா" என்றேன். தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். நாடா நின்றது.

"இதுல சோடா பக்கெட் எது?"

"இன்னா வெளையாட்டு இது? வண்டி நிக்குது, அவளை அனுப்பு."

"சொல்லும்மா. எது?"

அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். நான் கையைத் தூக்கினேன். அவன் நின்றுவிட்டான். நான் அவனை அப்படி நிறுத்தியது அதுவரை நடந்ததில்லை.

அம்மா பக்கெட்டுகளைப் பார்த்தாள். கண்ணை இடுக்கினாள். தலையைச் சாய்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பார்வையைக் கொண்டுபோனாள். நாலு முழம்தான் தூரம். ஜன்னல் வெளிச்சம் நேராக அவற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது. முப்பது வருடம் ஆயிரம் நிறத்தைப் பிரித்து நெய்தவள், அந்த இரண்டை வைத்துக்கொண்டு தடுமாறினாள்.

பிறகு விரலை நீட்டினாள். பச்சையைக் காட்டினாள்.

சாவி சுற்றும் சத்தம் நின்றது. அண்ணி பக்கெட்டைப் பார்த்தாள், அம்மாவின் விரலைப் பார்த்தாள், ஜன்னலடியில் கவிழ்ந்து கிடந்த மண்தொட்டியைப் பார்த்தாள். தொட்டியின் விளிம்பில் இருந்ததை அவளிடம் சொன்னேன். இரண்டு மாதமாக அந்தக் கொடிக்கு விடியலில் கஞ்சித் தண்ணீர் ஊற்றியவர்கள் யார் என்று அவளே யோசித்துப் பார்க்கட்டும் என்றேன்.

அம்மாவின் நீட்டிய விரல் தாழ்ந்தது. எங்கள் முகங்களைப் பார்த்தே தான் காட்டியது எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அத்தை" என்றாள் அண்ணி. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குள் கால் வைத்தாள். ஓர் அடி, இன்னும் ஓர் அடி. தறியை நோக்கிப் போனாள்.

அம்மா பின்னால் சாய்ந்தாள். தறிக்குழியில் ஒதுங்க இடம் இல்லை. ஒரு கையால் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். இன்னொரு கையை முன்னால் நீட்டித் தடுத்தாள். இந்த முறை நூலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"நீ உங்க வீட்டுக்குப் போனா நல்லதுன்னுதான் வாயை மூடிக்கினு இருந்தேன்" என்றாள். "வயித்துல புள்ளய வச்சிக்கினு கிட்ட வராதம்மா. எனக்கு டி.பி. இருக்குது."